யாரோ எழுதிய கணக்கு

நண்பனுக்கு,

இந்த ஒரு சொல்லை எழுதுவதற்குள் எத்தனையோ தாள்களைக் கிழித்துவிட்டேன்.

என் மகள் கணிதத்தில் முதுகலை முடிக்கப்போகிறாள். முந்தாநாள் ஒரு கணக்கைத் தனித்தாளில் எழுதி எடுத்துவந்து சந்தேகம் கேட்டாள். இரண்டு வரி படித்ததுமே உன் கணக்கு என்று தெரிந்துவிட்டது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல் கேள்வி கேட்பவன் நீ ஒருவன்தானே. "எந்தப் புத்தகம்?" என்றேன். "யாரோ எழுதினதுப்பா" என்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு சமையலறைப் பேச்சு காதில் விழுந்தது.

"ஏண்டி, அந்தப் புத்தகம் எழுதினவர்கிட்டயே ஆராய்ச்சிக்குப் போகணும்னுதானே ஆசைப்பட்ட?" என்றாள் என் மனைவி.

"போனா அப்பா ஒரு வாரம் சாப்பிட மாட்டாரும்மா. நான் ஏதாவது பேங்க் வேலைக்குப் போயிடறேன்."

"சாப்பிடாட்டி அரிசி மிச்சம்! உங்கப்பா கோவத்துக்கு உன் படிப்புதான் கிடைச்சுதா?"

இருவரும் சிரித்தார்கள். நான் கூனிக்குறுகிப்போனேன்.

நாம் சேர்ந்து கண்ட தேற்றம் உன் பெயரில் மட்டும் அச்சானதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் அந்தக் கோபத்துக்கு வழிவிட்டு என் மகள் ஒதுங்கி நடப்பாள் என்று நினைக்கவில்லை.

விண்ணப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது. உன்னிடம் ஆராய்ச்சி செய்ய வரும்படி நீயாகவே அவளுக்கு எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே. படித்ததும் அவள் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். அதை எப்படி வைத்துக்கொள்வது என்று கண்ணாடி முன் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒருகாலத்தில் உன் அறைத்தோழன்