ஞாயிற்றுக்கிழமை நோயாளிக்கு

அக்கா,

இன்று நான் பாடம் எடுக்கும் நர்சிங் வகுப்பில் ஒரு மாணவி ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அப்படியே தோழியின் முதுகில் வைத்துவிட்டாள். "ஐயோ, ஜில்லுன்னு இருக்குதுடி" என்று அவள் துள்ள, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உன் குரல்தான் கேட்டது. "கையில தேச்சு சூடு பண்ணிட்டு வைங்க சிஸ்டர்" என்பாயே, கூடப் பிறந்த தங்கையைப் பார்த்து.

நர்சிங் படித்த காலத்தில் உடல் பரிசோதனை பழக எனக்குக் கிடைத்த நோயாளி நீதான். வாரம் முழுக்கப் பீங்கான் கம்பெனியில் காய்ந்த பொம்மைகளை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எனக்காகப் பாயில் படுப்பாய். முதலில் விசாரிக்க வேண்டும். பிறகு பார்த்து, தொட்டு, தட்டி, கேட்க வேண்டும். விசாரணையில்தான் உன் அட்டகாசம். என்ன வேலை என்று கேட்டால் ஒரு வாரம் தாசில்தார், மறுவாரம் மங்கலம்பேட்டை ஜவுளிக்கடை முதலாளியம்மா. "வவுத்து வலி சிஸ்டர், பிரியாணி ஜாஸ்தியாயிடுச்சு." பொம்மை தேய்க்கிறவள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கம்பெனிக்கு உனக்குச் சோறு கொண்டுவந்தால்கூட கேட்டிலேயே வாங்கிக்கொண்டு என்னை விரட்டுவாய். "உள்ள வராத. இந்தத் தூசி என்னோட போவட்டும்."

மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் முதுகில் அந்தச் சத்தம் கேட்டது. நீ மூச்சை இழுக்கும்போதெல்லாம், காதோரம் முடியைத் தேய்ப்பதுபோல ஒரு நறநறப்பு. நுரையீரல் கெட்டால் கேட்கும் என்று வகுப்பில் சொன்ன அதே சத்தம். என் முகத்தைப் பார்த்ததும் நீ நடிப்பை நிறுத்திவிட்டாய்.

"மிஷின் கோளாறா இருக்கும், குடு" என்று வாங்கி என் முதுகில் வைத்துக் கேட்டாய். பிறகு உன் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டாய். "உன்னுது காத்து மாதிரி போவுது. என்னுதுல மண்ணு இருக்குதுடி."

டாக்டரும் அதைத்தான் சொன்னார். நுரையீரலில் படிந்தது இனி போகாதாம். மறுநாளே நீ வேலைக்குக் கிளம்பினாய். கையைப் பிடித்துத் தடுத்தேன். "வூட்டுல உட்காந்தா மட்டும் வெளிய வந்துடுமா? நீ படிப்ப முடி. போயிட்டு வரேன்."

நான் முடித்தேன். படுத்தால் மூச்சு வராமல் நீ சுவரில் சாய்ந்தே தூங்கினாய், சாய்ந்தபடியே போய்விட்டாய். நான் சரியாகத்தான் கேட்டேன், அக்கா. என்ன பிரயோஜனம்? அதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வாய் கசக்கிறது.

இன்று ஒரு மாணவிக்கு ஜோடி இல்லை. அவளுக்கு நானே நோயாளியாக உட்கார்ந்தேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். "பீங்கான் கம்பெனியில பொம்மை தேய்க்கறேன்" என்றேன். அவள் ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, முதுகில் இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டாள்.

"மூச்சு நல்லா போய் வருதுங்க மேடம். சுத்தமா இருக்குது."

இந்தச் சுத்தமான மூச்சை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, அக்கா?