குளிரில் வைத்த மரம்

ஜனவரி 13, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. மேலே கேமரன் மலை ரோட்டில் மண் சரிந்து லாரி லேட். கோஸ், சலாட் கீரை பாதிதான் வந்தது. சீனப் பெருநாள் ஆரஞ்சு மட்டும் குறையில்லாமல் வந்து இறங்கிவிட்டது. முதல் சில்லர் குளிரறை முழுக்க ஆரஞ்சுப் பெட்டி. கதவு மூட முடியவில்லை.

அதிலிருந்து சட்டி மரத்தை எடுத்து இரண்டாவது சில்லரில் வைக்கச் சொன்னேன். ஆப்பிள் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு மூலை இருந்தது. கடைப் பையன் ரஹிம் தூக்கிக்கொண்டு போனான். டிரைவர் மணியம் லாரியில் உட்கார்ந்தபடியே, "சிம்பாங் பூலாய்லயே மரத்துக்கு ஏர்கான் போட்ட ஒரே ஆள் நம்ம அண்ணன்தான்லா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

சிரிக்கட்டும். ஜப்பான் மேப்பிள். ஈப்போ சூட்டில் வருடம் முழுக்க இலையோடு நின்றால் இளைத்து இளைத்துச் செத்துப்போகுமாம். கொஞ்ச காலம் குளிரில், இருட்டில், இலை இல்லாமல் தூங்க வேண்டுமாம். மகன் கதிர் சொன்னது. போன வருடம் அப்படியே செய்தேன். வெளியே எடுத்ததும் சிவப்பாகத் துளிர்த்தது.

நாளை பொங்கல். வீட்டுக்காரி சரசு கேட்டது: கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப் பானை. மஞ்சள் கொத்து மறந்தால் வீட்டுக்குள் போக முடியாது.

ஜனவரி 18, சனி

வெயில். பத்து காஜா ஜெயிலுக்குப் போய் மகனைப் பார்த்து வந்தேன். சரசுவுக்கு முட்டி வலி, வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், ஆளுக்கொரு போன். இளைத்திருக்கிறான். சாப்பாடு பற்றிக் கேட்டேன், தலை குனிந்தே இருந்தான். மரம் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்தான்.

எங்களுக்குள் பேச மரம்தான் இருக்கிறது. கேமரனில் ஆ கோங் தவுக்கேயின், அந்தச் சீன முதலாளியின், பூத்தோட்டத்தில் அவன் வேலை செய்தபோது வளர்த்தது. அப்புறம்தான் அந்தச் சண்டை, ஒருத்தன் மண்டை உடைந்தது, கேஸ், ஜெயில். தீர்ப்பு நாளில் கோர்ட்டு வாசலில் எல்லார் முன்னாலும், இனி என் வீட்டுப் படி மிதிக்காதே என்று சொன்னேன். கோபத்தில் சொன்னது. அவன் அதைக் கோபப் பேச்சாகக் கேட்கவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டான். முதலில் எல்லாம் பார்க்கப் போனால் கண்ணாடிக்கு வரமாட்டான். உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன். ஒரு நாள் வார்டனிடம், மரத்தைக் கீழே கொண்டு வந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். வந்தான்.

இன்றைக்கும் எப்போதும் சொல்வதையேதான் சொன்னான். "தீபாவளிக்கு முன்ன விட்டுருவாங்க. மரத்த எடுக்க வாரேன். அதுக்கப்புறம் உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

வீட்டில் சொன்னேன். சரசு அதில் ஒரு பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள். மரத்தை எடுக்கவாவது படியேறுவான் இல்லையா என்கிறாள். ஏறட்டும், மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாளாம்.

பிப்ரவரி 10, திங்கள்

பெருநாள் முடிந்தது. ஆரஞ்சு எல்லாம் போய்விட்டது. நல்ல வியாபாரம். வாய் திறந்து சொல்லக் கூடாது.

மரத்தை வெளியே எடுத்தேன். மொட்டு வீங்கியிருக்க வேண்டும். போன வருடம் அரிசி போலச் சிவப்பாக இருந்தது. இப்போது கறுப்பு. தொட்டேன், உதிர்ந்தது. இன்னொன்று. அதுவும். நுனிக் கிளை ஒன்றை வளைத்தேன், முறுக்குப் போல ஒடிந்தது.

தண்ணீர் ஊற்றினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுபடி ஊற்றப் போனேன், ரஹிம் தடுத்துவிட்டான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். சரசு முட்டி வலியோடு பால்குடம். கூட்டம், தூசி, மோர்ப் பந்தல், ஒலிபெருக்கி. முருகனிடம் கேட்க ஆயிரம் இருக்கும்போது நான் ஒரு சட்டி மரத்துக்காக நின்றேன். சரசுவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 15, சனி

பொய் சொல்லிவிட்டேன்.

போனை எடுத்ததும் முதல் கேள்வி, மொட்டு வந்துச்சா. வந்துவிட்டது என்றேன். வாய் தானாகச் சொன்னது. நாற்பது வருடம் பாசாரில் நின்று காய்கறி விற்ற வாய்.

அப்புறம் அந்த ஒட்டுக் கிளை பற்றிக் கேட்டான். கேமரனிலிருந்து லாரியில் கொண்டு வந்தபோது இடது பக்கக் கிளை ஒடிந்துபோனது, என் தப்பு. அந்த இடத்தில் புதுக் கிளை வர அவன் போனில் சொல்லச் சொல்ல, போன வருடம் நான் செய்தது. அடிமரத்தில் வலமிருந்து இடமாக டிரில்லால் ஒரு ஓட்டை. அதே மரத்தின் நீளமான இளங்கிளை ஒன்றை வளைத்து, ஊசியில் நூல் கோப்பது போல ஓட்டை வழியாக விட்டு, இரண்டு பக்கமும் பசை பூசி மூடினேன். நாளாக ஆகக் கிளை உள்ளேயே தடித்து மரத்தோடு சதை கூடிவிடும். அப்புறம் உள்ளே போகிற பக்கத்தை வெட்டிவிட்டால், வெளியே வந்த பக்கம் மரத்தின் சொந்தக் கிளை. கூடுவதற்கு முன் வெட்டினால் செத்துப்போகும்.

"உள்ள போற பக்கம் தடியா, வெளிய வர்ற பக்கம் தடியா?"

வெளியே வருகிற பக்கம் என்றேன்.

சிரித்தான். ஜெயிலுக்குப் போனதிலிருந்து அவன் சிரிப்பை இப்போதுதான் பார்க்கிறேன். "அப்ப கூடிருச்சுப்பா." அப்பா என்று சொன்னான். அப்புறம் நிறுத்தாமல் பேசினான். சட்டியிலிருந்து தூக்கணும், மண்ணைத் தண்ணீரில் அலசணும், கீழே போகிற வேரை வெட்டணும், பக்கவாட்டு வேரை விசிறி மாதிரி விரிக்கணும், அடியில் ஒரு ஓடு வைக்கணும், அப்போதுதான் வேர் கீழே போகாமல் சுற்றிலும் ஓடும். ஓடு மறக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னான். தலையாட்டினேன்.

காரில் வந்து உட்கார்ந்து கையில் எழுதிக்கொண்டேன். செத்த மரத்துக்கு.

பிப்ரவரி 17, திங்கள்

மழை. காலையில் இரண்டாவது சில்லரைத் திறந்தால் சலாட் கூடை எல்லாம் ஆப்பிள் பக்கத்தில். மஞ்சள் விழுந்து, தண்டு பழுத்து. ரஹிமைக் கூப்பிட்டுக் கத்தினேன். எத்தனை வாட்டி சொல்வது, ஆப்பிள் மூச்சு விடும், அந்தக் காற்று பட்டால் பச்சை எதுவும் நிற்காது, இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது அதுதானே என்று

அங்கேயே நின்றுவிட்டேன். ரஹிம் மிச்சத் திட்டுக்காகத் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். நான் அந்த மூலையைப் பார்த்தேன். சட்டி இருந்த வட்டம் தரையில் இன்னும் இருக்கிறது.

கீரை என்றால் ஆப்பிள் பக்கத்தில் வைத்திருக்க மாட்டேன். கோஸ், வெள்ளரி, மல்லிக் கட்டு, எதையும் வைத்திருக்க மாட்டேன். மரம் விற்கிற சரக்கு இல்லை, அதனால் தோன்றவில்லை. மரம் என்றால் கட்டை என்று நினைப்பு.

ரஹிமைப் போகச் சொன்னேன். ஏன் விட்டேன் என்று அவனுக்குப் புரியவில்லை.

பிப்ரவரி 19, புதன்

சரசுவிடம் சொல்லிவிட்டேன். அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"வேற ஒன்னு வாங்கி வெச்சிடுங்க. சின்ன மரம்தானே. எல்லாம் ஒரே எலதானே."

தலைக்குள் அதுதான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாயால் கேட்டதும் அசிங்கமாக இருந்தது. இருந்தும் சரி என்றேன்.

சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

பிப்ரவரி 22, சனி

மேலே கேமரனுக்குப் போனேன். பனி. ஆ கோங்கிடம் இன்னொரு மேப்பிள் இருக்கிறது, ஏறக்குறைய அதே உயரம். எதற்கு என்று கேட்டார். மகனுக்கு என்றேன். ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று மலாயில் கேட்டார். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். மனிதர் மேற்கொண்டு கேட்கவில்லை, தாளில் சுற்றி லாரியில் ஏற்றிவிட்டார். சுற்றும்போது கதிர் எப்போது வருவான், வந்தால் வேலை இருக்கிறது என்று சொல்லச் சொன்னார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கடை லீவு. ஸ்டோரில் நான் மட்டும். இரண்டு மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையதைப் பார்த்துப் புதியதில் பென்சிலால் குறி போட்டேன். டிரில்லை எடுத்தேன். ஓட்டை போட்டு, கிளையைக் கோத்து, பசை பூசிவிட்டால் தீபாவளிக்குள் பழசாகிவிடும். யாருக்குத் தெரியும்.

பட்டையில் வைத்து அழுத்தினேன், கொஞ்சம் தூள் வந்தது. நிறுத்திவிட்டேன்.

லேபிள் கிழிந்த நூறு பெட்டி நடுவில் என் பெட்டி எது என்று எனக்குத் தெரியும். கோஸைப் பார்த்தே எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று சொல்வேன். அவன் யார் மகன். படியேறி, மரத்தைப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போவான். அதோடு முடிந்தது.

இரண்டையும் மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சரசு என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "ஒரு வார்த்தை சொல்லி அவன வெரட்டினீங்க. ஒரு மரத்தக் காட்டி ஏமாத்தவும் வேணாம்" என்றாள். வாங்கி வைக்கச் சொன்னவளே அவள்தான். அதை நான் சொல்லிக் காட்டவில்லை.

இரவெல்லாம் இருமல்.

மார்ச் 1, சனி

சொல்லிவிட்டேன்.

போன தடவை சொன்னது பொய், மொட்டு வரவில்லை, எல்லாம் கறுத்துப்போனது, ஆப்பிள் சில்லரில் வைத்தேன், நான்தான் வைக்கச் சொன்னேன் என்று ஒரே மூச்சில். இன்னொரு மரம் வாங்கினதையும், டிரில்லையும் சொன்னேன்.

அவன் போன் காதில் இருக்கிறது, கண் மேசையில். பக்கத்துக் கண்ணாடியில் ஒரு பொம்பளை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கிடைத்ததை யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் சொரண்டிப் பாத்தீங்களா?"

இல்லை என்றேன். எதற்குச் சுரண்டுவது என்று கேட்பதற்குள் போனை மாட்டிவிட்டு எழுந்து போய்விட்டான். நேரம் இன்னும் நிறைய இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி ஓட்ட முடியவில்லை. பத்து காஜா ரோட்டோரம் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் போச்சு. எனக்கு வேறு எப்படியும் எழுதத் தெரியவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

சுரண்டினேன்.

மேலே நுனி, பழுப்பு. நடுத்தண்டு, பழுப்பு. ஓட்டைக்குக் கொஞ்சம் மேலே வரை கட்டைதான், அடுப்புக்குத்தான் ஆகும். உள்ளே போகிற பக்கம் கிளை, பழுப்பு. சுள்ளி.

வெளியே வருகிற பக்கம் நகத்தால் மெதுவாக. பச்சை.

கண் பொய் சொல்கிறதோ என்று சரசுவை வரச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பச்சைதான் என்றாள்.

ஸ்டோர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசித்தேன். உள்ளே போகிற பக்கம் செத்திருக்கிறது, அதன் வழியாக ஒரு சொட்டு வரமுடியாது. வெளியே வந்த பக்கம் உயிரோடு இருந்தால், அது மரத்திடமிருந்து குடிக்கிறது. கூடிவிட்டது. நான் பொய்யாகச் சொன்னது எனக்குத் தெரியாமலே நிஜமாக இருந்திருக்கிறது.

இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது. அதே வார்த்தையைத்தான் போன தடவை அவனிடம் சொன்னேன். இனி யார் நம்புவான்.

மார்ச் 3, திங்கள்

மணியத்திடம் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டேன். நாள் முழுக்க மரம்.

பச்சை முடிகிற இடத்துக்கு மேலே ரம்பத்தால் அறுத்தேன். மேல் பாதி, அவன் வருடக்கணக்கில் வளைத்து வளர்த்தது, கையோடு வந்தது. கீழே போட மனமில்லாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போகிற கிளையை வெட்டினேன். சட்டியிலிருந்து தூக்கி ஹோஸ் பைப்பில் அலசினேன். வலது பக்க வேர் கறுப்பு, பிசுபிசு, நாற்றம். வெட்டினேன். இடது பக்கம் வெள்ளை. விசிறி போல விரித்தேன், எரிமலைக் கல் பொடி போட்டேன், கம்பியால் கட்டினேன். இப்போது பார்க்க ஒரு குச்சி, பக்கத்தில் ஒரு குச்சி.

மணியம் எட்டிப் பார்த்தான். கிண்டல் பண்ணவில்லை. "அண்ணே, வெயில்ல வைக்காதீங்க" என்று மட்டும் சொன்னான்.

முதுகு பிடித்துக்கொண்டது. தைலம்.

மார்ச் 15, சனி

காலையில் வெயில், பத்து காஜா போய்ச் சேர்வதற்குள் மழை. சரசுவும் வந்தாள். உள்ளே ஒருத்தர்தான் என்றதும் என்னைப் போகச் சொன்னாள்.

அந்தப் பக்கம் நாற்காலி காலி. பக்கத்து நாற்காலிக்கெல்லாம் ஆள் வந்துவிட்டார்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வார்டன் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்திருக்கப் போனேன்.

வந்தான். உட்கார்ந்தான். போனை எடுக்க நேரம் எடுத்துக்கொண்டான்.

கெட்ட சரக்கை முதலில் காட்டினால்தான் நல்லதைத் தொடுவார்கள். கெட்டதிலிருந்து ஆரம்பித்தேன். மேல் பாதி போய்விட்டது, அறுத்துவிட்டேன். வலது பக்க வேர் அழுகிவிட்டது. உள்ளே போகிற பக்கம் சுள்ளி. அங்கே நிறுத்திவிட்டேன்.

"வெளிய வர்ற பக்கம்?"

பச்சை என்றேன். அம்மாவும் பார்த்தாள், வெளியே மழையில் நிற்கிறாள், வேண்டுமானால் கேட்டுப் பார் என்றேன். என்னை உற்றுப் பார்த்தான். விலை கேட்டுவிட்டு யோசிக்கிற ஆள் பார்ப்பது போல.

"அடியில ஓடு வெச்சீங்களா?"

மறந்துவிட்டேன். அவன் இரண்டு தடவை சொன்னது, கையில் எழுதிக்கொண்டது, மறந்தே போய்விட்டேன். வைக்கவில்லை என்றேன். இன்றைக்கே தூக்கி வைத்துவிடுகிறேன் என்றேன்.

"ஐயோ, இப்பத் தொடாதீங்கப்பா. வேரு அந்து போயிரும். அப்படியே கெடக்கட்டும். நான் வந்து வெக்கிறேன்."