உன் எடைக்கு வருகிறேன்

அக்கா,

ரயில் கோவில்பட்டியை விட்டு நகர்ந்ததும் மடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். கடலைமிட்டாய். வெல்லப்பாகின் வாசனைக்குப் பழக்கதோஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதினைந்து வருஷம் ஐம்பத்திரண்டு கிலோவுக்குள் உடம்பைக் கட்டிவைத்தவளுக்கு இந்த வாசனைதான் பெரிய எதிராளி. இதை இன்று என் கையில் திணித்தவர் யார் தெரியுமா? அப்பா.

ஹாக்கி கோல்கீப்பருக்கும் கபடிக்காரிக்கும் பிறந்துவிட்டு நாம் ஜூடோவுக்குப் போனதே வீட்டில் பெரிய ரகளை. அதிலும் இரண்டு பேருக்கும் ஒரே எடைப்பிரிவு. எடை குறைக்க, மழை விட்ட கரிசல் பாதையில் ஓடுவோம். ஷூவில் மண் அப்பிக் காலைத் தூக்க முடியாது. "ஏட்டி, ஒடம்புல எறக்குனதெல்லாம் காலுல ஏறிட்டு வருது பாரு" என்று சிரிப்பாய். ஜூடோ மெத்தையில் மட்டும் சிரிக்க மாட்டாய். ஒரு தடவையாவது உன் முதுகு முழுசாகப் படும்படி வீழ்த்த வேண்டும், அதுதான் அப்போது என் ஆசை.

மாநில அணித் தேர்வில் ஒரு எடைக்கு ஒரு இடம்தான். அன்று காலை எடை பார்த்தபோது நீ முந்நூறு கிராம் கூடுதல். அங்கேயே வெளியே நிறுத்திவிட்டார்கள். உன் பையில் கடலைமிட்டாய்த் தாள்கள். "நாக்கக் கட்டத் தெரியாதவளுக்கு எதுக்குட்டி வெளையாட்டு?" என்று அப்பா எல்லோர் முன்னாலும் கத்தினார். நீ பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டாய். நான் தேர்வானேன்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன், "வேணும்னுதான தின்ன?"

"ஆமா. ஒரு வாசல்ல ரெண்டு பேரும் முட்டிக்கிட்டு நின்னா யாரு உள்ள போக? நான் மேல் எடைக்குப் போறேன். அப்பாட்ட சொன்ன, கொன்னுருவேன்."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உன்னை ஜெயிக்கும் வாய்ப்பையே பிடுங்கிவிட்டாயே! ஒரு மாதம் பேசவில்லை; அதற்கப்புறமும் ஒட்டாத பேச்சுதான். அடுத்த வருஷம் ஐம்பத்தேழு கிலோவில் தேசியப் பதக்கம் வாங்கி வந்து, அதை என் தலையணையில் போட்டு, "இப்பவாது ஒழுங்காப் பேசுதியா?" என்றாய்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. என் முழங்கால் அறுவைக்குப் பின் உடம்பும் பழைய எடைக்கு இறங்க மறுத்தது. பட்டினி கிடந்து, போன தேர்வில் மயங்கி விழுந்தேன். மேல் எடைக்குப் போ, இல்லையென்றால் விட்டுவிடு என்றார் பயிற்சியாளர். அது உன் இடம். அதில் போய் நிற்க மனசு வரவில்லை. விட்டுவிடுவது என்றே முடிவெடுத்தேன்.

அதை அப்பாவிடம் சொல்லும்போதுதான் உன் ரகசியமும் வாயில் வந்துவிட்டது. மன்னித்துக்கொள்.

"அத்தன பேரு முன்னால பிள்ளைய ஏசிட்டனே" என்றார் அப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ ஒனக்கு வழி விட்டுட்டுப் போய் ஒரு எடம் பிடிச்சா. அத நீ சும்மா போட்டு வைக்கப் போறியா?" என்று கேட்டார். இன்று ரயிலடியில் பொட்டலத்தைத் தந்து, "தின்னுட்டுப் போ. கொறஞ்சு நிக்காத" என்றார்.

சாத்தூர் தாண்டிவிட்டது. மூன்றாவது துண்டைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். பையில் உன் கறுப்புப் பெல்ட் இருக்கிறது. நாளைக் காலை ஐம்பத்தேழுக்கு எடை பார்க்க ஏறுகிறேன், அக்கா. முந்நூறு கிராம் கூடாமல் பார்த்துக்கொள்கிறேன்.