சாட்சிச் சிட்டம்

காலையிலிருந்து மழை. என் அறை ஜன்னலோரத்து ஆணியில் உன்னுடைய பட்டு நூல் சிட்டம், வளையமாகச் சுற்றிக் கட்டிய நூல் கத்தை, தொங்குகிறது. ஈரக்காற்று பட்டதும் அதிலிருந்து அந்த மணம் எழுந்தது. ஆறிப்போன கஞ்சியின் மணத்துக்கும் நனைந்த கம்பளியின் மணத்துக்கும் நடுவே இருக்கும் ஒன்று. முப்பது வருடம் உன் சட்டையில் இருந்த மணம். பல் துலக்குவதற்கு முன்பே சமையலறைத் தராசில் சிட்டத்தை வைத்துப் பார்த்தேன். நூற்று ஆறு கிராம். போன வாரம் வெயில் காய்ந்த நாளில் இதே சிட்டம் நூற்று ஒன்றுதான் இருந்தது. மதியம் ஒருமுறை வைத்தேன். இதோ, எழுத உட்காருமுன் இன்னொருமுறை. வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

உன் மகள் யமுனா இதை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் எட்டு நாளாகிறது. எதற்காகக் கொடுத்தாள் என்பதை உன்னிடம் சொல்ல வேண்டும். நீ போய் எட்டு மாதமாகிவிட்டது என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் இதைச் சொல்ல வேறு ஆள் எனக்கு இல்லை.

அப்போது நம் இருவருக்கும் இருபத்து மூன்று வயது. நான் சென்னையில் புள்ளியியல் முதுகலை முடித்து ஊருக்கு வந்திருந்தேன். நீ பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டுத் தறியில் உட்கார்ந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. முதலாளி வீட்டில் நூலை நிறுத்துக் கொடுப்பார்கள். நெய்து முடித்த புடவையை நிறுத்து வாங்குவார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். நீ கார்த்திகை மழையில் நூல் வாங்கினாய். மாசி வெயிலில் புடவையைக் கொண்டுபோய்ப் போட்டாய். முப்பது கிராம் குறைந்தது. ஐந்து பேர் எதிரில் முதலாளி உன்னைக் கேட்டார்: "இன்னா தம்பி, மிச்ச நூலு யார் ஊட்டுத் தறியில ஓடிகினு கீது?"

பட்டு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் வெயில் காலத்தில் புடவை கொடுப்பவர்கள், முந்தின நாளே அதை மடித்து ஈரப்பானைமேல் பலகை போட்டு வைத்துவிடுவார்கள். எடை ஏறிவிடும். யாரும் அதைத் திருட்டென்று நினைக்கவில்லை. அன்று நானும் உன்னைக் கேட்டேன்: "ஊருக்கே தெரிஞ்ச வேல, நீ ஏன்டா பண்ணல?"

"என் பொடவ நெசத்ததான் சொல்லுது. அத்த நான் ஏன்டா பொய் சொல்ல வெக்கணும்?" என்றாய்.

மறுவாரம் ஒரு சிட்டத்தோடு முதலாளி வீட்டுக்குப் போய், தராசுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாய். "இது யாரோடதும் இல்லீங்க. நூல் குடுக்கற அன்னிக்கும் இத்த நிறுங்க, பொடவ வாங்கற அன்னிக்கும் நிறுங்க. இது எவ்ளோ கொறையுதோ, அந்தக் கணக்குக்கு எங்க பொடவையும் கொறையும். அதுக்கு மேல கொறஞ்சா என்ன கேளுங்க." முதலாளி சிரித்தார். "பட்டுக்குப் பட்டே ஜாமீனா?" என்றார். இரண்டு மாதத்தில் அவர் சிரிப்பு நின்றது. இரண்டு வருடத்தில் உன்னையே தராசடியில் உட்கார வைத்தார். அதன் பிறகு ஐந்தாறு முறை சிட்டம் மாறியது. ஆணி மாறவில்லை. ஈரப்பானைகள் சமையலறைக்குத் திரும்பின.

இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவன் நான். வேலூரில் இருபத்தைந்து வருடமாகப் புள்ளியியல் கற்பிக்கிறவனும் நான். இரண்டையும் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இந்த வருடம் தை மாதம், நாம் படித்த பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்கு நுழைவுத் தேர்வைப் பற்றி நான் பேசினேன். பெற்றோரும் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் நீ, உன் பக்கத்தில் யமுனா. தேர்வு பல நாள், பல வேளைகளில் நடக்கிறது. வேளைக்கு ஒரு வினாத்தாள். ஒன்று கடினமாக இருக்கும், ஒன்று எளிதாக இருக்கும். அதனால் எடுத்த மதிப்பெண்ணை அப்படியே வைப்பதில்லை. தன் வேளையில் எழுதியவர்களுள் ஒருவர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்று பார்த்து, அதற்கேற்ப மதிப்பெண்ணை ஏற்றியோ இறக்கியோ சமன் செய்கிறார்கள். திரையில் வரைகோடுகளைக் காட்டி இதை விளக்கினேன். "எந்த வேளை கிடைத்தாலும் கவலைப்படாதீர்கள். சூத்திரம் எல்லோரையும் ஒரே தரையில் நிறுத்திவிடும்" என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

நீ எழுந்தாய். சபையில் என்னை 'சார்' என்று கூப்பிடும்போது உன் குரலில் ஒரு குறும்பு இருக்கும்.

"சார், ஒரு டவுட்டு. காலைல வந்த கூட்டம் பூரா கெட்டிக்காரப் பசங்க, சாயந்தரம் வந்தது சுமாரான கூட்டம்னு வெச்சிக்கங்க. கெட்டிக்காரங்க நடுவுல பத்தாவதா வர்றதும், சுமாருங்க நடுவுல பத்தாவதா வர்றதும் ஒண்ணா? எல்லா வேளைக்கும் பொதுவா ஒரு பத்து கேள்வி வெச்சிட்டா தெரிஞ்சிரும்ல, எங்க சிட்டமாட்டம்?"

நீ கேட்டதற்கு என் பாடப்புத்தகத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. வெவ்வேறு தாள்களை ஒப்பிட, எல்லாவற்றிலும் பொதுவான சில கேள்விகள் வேண்டும் என்பதுதான் அதன் முதல் பாடம். அதை நான் நடத்தியிருக்கிறேன். தேர்வில் கேட்டு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அன்று மேடையில் நான் சொன்ன பதில்: "ஐயா, இது நூல் நிறுக்கிற கடை இல்லை. நாடு முழுக்க நடக்கிற தேர்வு."

அரங்கம் அதிரச் சிரித்தது. நீயும் சிரித்தபடி உட்கார்ந்தாய்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடிக்கும்போது கேட்டாய்: "இன்னாடா, பதிலு கேட்டா ஜோக்கு சொல்ற?"

"பொதுக் கேள்வி வெச்சா முதல் நாளே வெளில போய்டும்டா."

"சரி, வெக்காத. அப்ப உன் சூத்திரத்துக்கு சாட்சி யாரு?"

"நிபுணர் குழு இருக்கு."

"அவுங்கள ஆணில மாட்ட முடியுமா?"

நான் சிரித்தேன். இரண்டாவது முறையாகப் பதில் சொல்லாமல் தப்பினேன். மாசியில் ஒரு முற்பகலில், தராசடியிலேயே நீ சரிந்தாய் என்று செய்தி வந்தது. மூன்றாவது முறை கேட்க நீ இல்லை.

யமுனா தேர்வை எழுதினாள். கணிதத் தாள் அவளுக்குக் காலை வேளையில். கண்ணமங்கலத்திலிருந்து வந்து அவளோடு படித்த பவித்ராவுக்கு அதே நாள் பிற்பகல். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்க வேண்டும் என்பது இருவருடைய ஆசை. நீ அவளுக்கு வாங்கி வைத்திருந்த பெட்டியில் இன்னும் விலைச்சீட்டு தொங்குகிறது. விடைகள் வெளியானதும் இருவரும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சரிபார்த்தார்கள். தவறு ஒன்றுக்கு ஆறு மதிப்பெண் போகும். யமுனாவுக்கு மூன்று விடை தவறு. இருநூற்றுக்கு நூற்று எண்பத்திரண்டு. பவித்ராவுக்கு ஐந்து தவறு, நூற்று எழுபது. சமன் செய்த மதிப்பெண் வந்தது. யமுனாவுக்கு நூற்று அறுபத்தாறு. பவித்ராவுக்கு நூற்று எழுபத்து நான்கு. அந்தப் பல்கலைக்கழகத்தில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண் நூற்று அறுபத்தேழு.

பவித்ரா அழுதுகொண்டே வந்தாள்.

"நான் இன்னாடி பண்ணுவேன்? நீதான பாத்த, எனக்கு அஞ்சு தப்பு."

"உன்ன யாரு இன்னா சொன்னா? போய் பொட்டிய கட்டு."

"நீ இல்லாம எங்கடி போறது? எனக்கு இந்தியே வராது."

"எனக்கு மட்டும் பேஷா வருமாக்கும். ரெண்டு பேரும் சேந்து முழிச்சிருப்போம். இப்ப நீ தனியா முழி."

இருவரும் சிரித்தார்கள். என்னால் அந்தக் கூடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். இன்றுவரை அந்த நடை நிற்கவில்லை.

நான் குரலை உயர்த்துகிறவன் அல்லன் என்று உனக்குத் தெரியும். எனவே எழுதினேன். தேர்வை நடத்தியவர்களுக்கு, என் பெயர், பட்டம், பதவி எல்லாவற்றோடும் இரண்டு பக்கக் கடிதம். ஒவ்வொரு வேளையிலும் எழுதியவர்கள் ஒரே தரமுடைய கூட்டம்தான் என்பதை எதைக் கொண்டு உறுதி செய்தீர்கள் என்று கேட்டேன். ஐந்து வாரம் கழித்து ஐந்து வரியில் பதில் வந்தது. "இது அறிவியல் அடிப்படையிலான, நிபுணர்கள் ஏற்ற முறை. எந்த வேளையில் எழுதினாலும் எவருக்கும் பாதகம் நேராது. தனிப்பட்ட விளக்கங்கள் வழங்கப்படுவதில்லை." முதல் இரண்டு வாக்கியங்களை எங்கோ கேட்டதுபோல் இருந்தது. தை மாதம் நான் திரையில் காட்டிய மூன்றாவது பக்கத்தில், ஏறக்குறைய அதே சொற்கள் இருக்கின்றன. அவர்கள்மேல் இருக்கும் கோபத்தை நான் எடுத்து நிறுக்கும்போதெல்லாம், என்மேல் இருக்கும் கோபமும் அதே தட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சமன் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீயும் சொன்னதில்லை. மழைநாள் எடையையும் வெயில்நாள் எடையையும் அப்படியே ஒப்பிட்டால் அதுவும் அநியாயம்தான்; அந்த அநியாயத்துக்குத்தானே நீ ஐந்து பேர் எதிரில் ஆளானாய். எதைக் கொண்டு திருத்தினாய் என்பதை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டு என்பதுதான் உன் கேள்வி. இப்போது யமுனாவுக்கு அநியாயம் நடந்தது என்றுகூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவள் எழுதியது உண்மையிலேயே எளிய தாளா, அல்லது கெட்டிக்காரக் கூட்டத்தின் நடுவே அவள் அகப்பட்டாளா? எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஏதுவாக ஒன்றுமே வைக்கப்படவில்லை. பதினெட்டு வயதுப் பெண்ணிடம் பதினாறு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, குறைத்ததற்கு ஒரு சிட்டம்கூடக் காட்ட வக்கில்லாதவர்கள், "பாதகம் நேராது" என்று எழுதுகிறார்கள். இதற்கிடையில், கடினமான தாள் வந்தால் மதிப்பெண்ணை ஏற்றுவார்கள், அதுவே வரவேண்டும் என்று பிள்ளைகள் வேண்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டதாக என் மாணவர்கள் சொல்கிறார்கள். ஈரப்பானையை மறுபடியும் வெளியே எடுத்துவிட்டார்கள்.

கடைசிப் பட்டியலும் வந்துபோனது. யமுனா இப்போது வேலூரில் என் கல்லூரியிலேயே கணிதம் படிக்கிறாள். காலையில் ஒரே பஸ். எனக்கு மூன்று இருக்கை முன்னால் உட்காருவாள். கண்ணமங்கலத்தில் பஸ் நிற்கும்போது மட்டும் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எட்டு நாளுக்கு முன் வீட்டுக்கு வந்தாள். அமைச்சருக்கு, நீதிமன்றத்துக்கு, பத்திரிகைக்கு என்று நான் எழுதப்போகும் கடிதங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பெரியப்பா, எழுதறதுன்னா எல்லாருக்காவவும் எழுதுங்க. எனக்கு சீட்டு போச்சு, போவட்டும். எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த ஸ்கூல்ல இந்தத் தடவையும் உங்களத்தான் பேசக் கூப்ட்டுக்கறாங்களாமே? அப்பா கேட்டதுக்கு அங்க பதில் சொல்லுங்க."

"அவன் அதை அன்னிக்கே சிரிச்சுக்கிட்டே விட்டுட்டாம்மா" என்றேன்.

"நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். மூஞ்சிதான் சிரிச்சிது. ஊடு வந்து சேர்ற வரைக்கும் அவுரு என் கைய விடல."

பிறகு கைப்பையிலிருந்து சிட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். தராசடி ஆணியில் வேறொன்று மாட்டிவிட்டார்களாம். இது நீ கடைசியாக மாட்டியது.

நாளைக் காலை பத்து மணிக்குக் கூட்டம். கேட்பவர்கள் மட்டும் புதியவர்கள், மேடை அதேதான். சமையலறைத் தராசைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். வரைகோடுகள் இந்த முறை இல்லை. முதலில் இன்று மழையில் எடுத்த எடையைச் சொல்வேன். பிறகு பிள்ளைகள் எதிரில் சிட்டத்தை நிறுத்துக் காட்டுவேன். அதன்பின் சொல்லப்போவதை எட்டு நாளாக எழுதியெழுதி அடித்து, கடைசியில் நான்கு வாக்கியத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன்: "தை மாதம் இந்த அரங்கத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொல்லாமல் இங்கே இருந்தவர்களைச் சிரிக்க வைத்தேன். அவர் கேட்டது சரி. எனக்கு அன்றே தெரியும்."

யமுனா வருகிறாள். கடைசி வரிசையில் உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்கார விடமாட்டாளாம்.

மழை விட்டுவிட்டது. சிட்டம் நூற்று ஐந்து.