குழுமாடு என்ற பேர்

பேராதனை
2000 தை 20

அன்புள்ள அப்பாவுக்கு,

பழைய பாட்டுகளில் காட்டு மாட்டை "ஆமா" என்கிறார்கள். நாங்கள் "குழுமாடு" என்கிறோமே, அந்தப் பேர் எப்படி வந்தது? கட்டுரைக்கு வேண்டும். நீங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டீர்களாம். சண்டையில் இடம்பெயர்ந்தபோது அவிழ்த்துவிட்ட என் காளை மயிலனைக் கண்டீர்களா?

மகள்
நிரோஜா

நெடுங்கேணி
2000 மாசி 14

அன்பு மகளுக்கு,

எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்தும் பிடிபடாத அப்பனிடம் பல்கலைக்கழகம் விளக்கம் கேட்கிறது! நெஞ்சு நிமிர்ந்ததில் சட்டையில் பூட்டியிருந்த தெறி ஒன்று அறுந்து போயிற்று. உன் மாமா நல்லதம்பியைக் கேட்டேன்.

"குழுவாத் திரியிறதாலை குழுமாடு, அத்தான்."

"அப்பிடியெண்டால் நிவாரணத்துக்கு நிக்கிற நாங்களும் அதுதான்."

வீட்டுக்குக் கூரை இல்லை, உழ மாடு இல்லை. காட்டுக்குக் குழுமாடு பிடிக்கப் போனோம். சுருக்கில் விழுந்த மாடு என்னை இழுத்த இழுவையில் இடுப்பில் கட்டிய சாரம் ஈச்சம்பற்றையில் தங்கிவிட்டது; நான் மட்டும் மாட்டோடு போனேன். சிரிக்காதே. கயிற்றை விட்டேன். அப்பால் ஓடிய மாடு மிதிவெடியில் கால் வைத்தது. குடல் மரக்கொப்பில் தொங்கியது.

மற்ற மாடுகளுக்கு முன்னால் மயிலன் நின்றான். தொடையில் நான் சுட்ட "சி" குறி அப்படியே இருக்கிறது. எங்களோடு வந்த நாயைக் கொம்பில் தூக்கிக் கிழித்துவிட்டான். கொல்லத்தான் வேண்டும் என்று ஊரில் கதை.

அப்பா
சிவராசா

பேராதனை
2000 பங்குனி 3

அப்பா,

கொல்ல விடாதேங்கோ! தாய் செத்த கன்றுக்குப் போத்தலில் பால் பருக்கியது நானும் மாமாவும். மாமா உள்ளங்கையில் உப்பு வைத்துக் கூப்பிட்டால் வருவான். மாமாவை அனுப்புங்கோ. ஊரிலிருந்து வைத்தியத்துக்குக் கண்டிக்கு வந்த வீரபாகு அண்ணர் நாளைக்கே திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நிரோஜா

நெடுங்கேணி
2000 பங்குனி 19

மகள்,

மாமா போய்விட்டார்.

குளக்கட்டில் மாமா கையை நீட்டிக் கூப்பிட்டார். மயிலன் வந்தான். நாக்கை நீட்டியும்விட்டான். எங்கேயோ செல் விழுந்து வெடித்தது. மிரண்டவன் கொம்பை மாமாவின் வயிற்றில் ஏற்றித் தூக்கி அடித்தான். விழுந்தவரை மறுபடியும் குத்தினான். மூடிய கையை நான்தான் விரித்தேன். உப்பு இரத்தத்தில் கரைந்திருந்தது.

உப்பு என்னுடைய யோசனை. உன் கடிதம் செத்தவீடு முடிந்த பிறகுதான் கிடைத்தது. கடிதம் தந்த நாளை வீரபாகு வேறு மாதிரிச் சொல்லுவார். அந்த மனுசனுக்கு நாள் கிழமை தெரியாது. அவரிடம் கேளாதே.

கட்டுரைக்கு இதை எழுது. குழுமாடு என்று ஒன்று பிறக்கிறதில்லை. ஆட்கள் ஓடினார்கள், மாடுகள் நின்றன. திரும்பி வந்தவர்கள் தங்கள் மாட்டுக்கே பயந்து அந்தப் பேரை வைத்தார்கள். எட்டாம் வகுப்பு ஆராய்ச்சி இவ்வளவுதான்.

கோடரியோடு முன்னால் போய் "மயிலன்" என்றேன். காதை ஆட்டினான். சின்னனில் நீ சொறிந்துவிடுகிற இடத்தைக் குனிந்து காட்டினான்.

அதில்தான் வெட்டினேன்.

அப்பா