தீப விடுமுறையில் சுருண்ட சவ்வு

அன்புள்ள அண்ணனுக்கு,

‘அன்புள்ள’ என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. அடித்துவிடலாமா என்று பார்த்தேன், இருந்துவிட்டுப் போகட்டும். உன் கருமாதி முடிந்தும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

வேங்கிக்கால் வீட்டுக் கூடத்தில் உன் போட்டோவுக்குப் பக்கத்திலேயே அந்தப் படத்தையும் மாட்டியிருக்கிறார்கள். நீ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்தது. செல்லின் சவ்விலிருந்து வெங்காயத்தை நறுக்கியது போல வளையம் வளையமாகச் சுருண்டு நிற்கும் கொழுப்பு. உனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த படம். ஞாயிற்றுக்கிழமை நீ படித்த கல்லூரியில் அதைப் பெரிதாக்கித் திறந்துவைக்கிறார்களாம். திரையை நான்தான் விலக்க வேண்டுமாம்.

அந்த வளையம் எந்தச் செல்லில் இருந்தது, சொல்.

சென்னை ஆய்வகத்தில் உன் கீழ் நான் வேலை பார்த்த காலம். கார்த்திகை தீபத்துக்கு நான் முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டேன். நீ செல்களை முதல் மருந்தில் போட்டாய். அது புரதத்தைத்தான் பிடித்து நிறுத்தும். கொழுப்பை நிறுத்தும் இரண்டாவது மருந்தான ஆஸ்மியம் போடும்வரை கொழுப்பு அசைந்துகொண்டுதான் இருக்கும். மலையில் தீபம் ஏறும்போது நம் வீட்டில் யார் வெளியூரில் இருந்திருக்கிறார்கள்? கிரிவலத்தில், அடி அண்ணாமலையில் டீ குடிக்கும்போது சொன்னாய்: “ஆஸ்மியம் போய் போட்டுக்கலாம்னு வந்துட்டேன்.”

நீ திரும்பிப் போவதற்குள் கொழுப்பு தன் இஷ்டத்துக்குச் சுருண்டிருந்தது. அதைப் படமெடுத்து, செல்லுக்குள் புதிய அமைப்பு என்று எழுதினாய்.

நான் மறுபடி செய்து பார்த்தேன். நேரத்தோடு ஆஸ்மியம் போட்டதில் சவ்வு இரண்டு கறுப்புக் கோடுகளாகச் சுத்தமாக இருந்தது. வேண்டுமென்றே முதல் மருந்திலேயே ஊறவிட்டதில் உன் வளையங்கள் வந்தன. இரண்டு படத்தையும் உன் மேஜையில் வைத்தேன். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். உனக்குப் புரிந்துவிட்டது.

“அண்ணன் பேரு கெடணும்னு அலையிற. இனிமே மைக்ராஸ்கோப் பக்கமே வராத” என்றாய்.

என் ஆராய்ச்சி அதோடு போனது. அம்மாவிடம் எனக்குப் பொறாமை என்றாய். அவளும் அதை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். பிறகு வேறு ஆட்கள் செல்லைச் சட்டென்று உறையவைத்துப் பார்த்து, வளையமே இல்லை என்று எழுதினார்கள். உன் கல்லூரிக்காரர்களுக்கு அது எட்டவில்லை. அப்போதாவது எனக்கு ஒரு போன் செய்ய உனக்கு என்ன கேடு?

நேற்று அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போய் அந்தப் படத்தின் தூசியைத் துடைத்தார். பிறகு, “செத்தவர்கிட்ட என்னம்மா சண்ட? அவர நெனச்சிக்க எனக்கு அந்தப் படந்தான் இருக்கு” என்றார். உன் மேல் இருந்த கோபம் இன்னும் ஜாஸ்தியானது.

ஞாயிற்றுக்கிழமை திரையை விலக்குவேன். வளையங்கள் எப்படி வந்தன என்று மேடையிலேயே சொல்வேன். தீபம் பார்க்கப் போனதைக் குற்றம் சொல்ல மாட்டேன். திரும்பி வந்து செய்ததைச் சொல்வேன். என் இரண்டு கோட்டுப் படம் இன்னும் பெட்டியில் இருக்கிறது. அதை உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவேன். இது சத்தியம்.

அண்ணி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். நீ சொல்லியிருக்க வேண்டியதை அவர் முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டும். மற்றதை விட்டாலும் இதற்கு உன்னை மன்னிக்க மாட்டேன்.

இப்போதும் வேறு வழியில்லாமல்,
உன் கூடப் பிறந்த தங்கை