வியன்னாவில் உங்கள் குரலில்

வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்திலும் என் கையை விடாத அப்பாவுக்கு,

உங்களிடம் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவிடம் சொல்லத் தைரியமில்லாமல் உங்களிடம் வந்திருக்கிறேன். எப்போதும் அப்படித்தானே, மார்க் குறைந்தாலும் முதலில் உங்கள் முன்னால்தான் வந்து நிற்பேன்.

நீங்கள் கண்ணை மூடிய ஆறாம் மாதம், கம்பெனி வேலையாக என்னைப் பத்து நாள் வியன்னாவுக்கு அனுப்பினார்கள். உத்தமபாளையத்து வீட்டில் அம்மாவைத் தனியாக விட மனசில்லை. விசா வாங்கி உடன் அழைத்துப் போனேன். கையைக் கடிக்காத ஓட்டலாகப் பார்த்து நான்காவது மாடியில் ஒரு ரூம் எடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்தால் முழங்கால் கதவில் இடிக்கும். குளிப்பதற்கு நடையின் கடைசிக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு அதெல்லாம் குறையாகவே படவில்லை. ஜன்னல் வழியே டிராம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாளே வம்பு. ரூம் சுத்தம் செய்ய வந்த பெண் தட்டிவிட்டு, தன் சாவியால் திறந்து உள்ளே வந்துவிட்டாள். அம்மா அப்போது சேலை மாற்றிக்கொண்டிருந்தாளாம். நான் ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாக அழுதாள். எனக்கு எப்படிக் கோபம் வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? உங்கள் கோபம்தானே. உள்பக்கச் சங்கிலியை மாட்டக் கற்றுக்கொடுத்து, "யார் தட்டுனாலும் தொறக்காத. நான் நேர்ல வந்து நின்னாத்தேன் தொறக்கணும்" என்று கத்திவிட்டேன். அவள் போனுக்கு அந்த ஊர் சிம் போட்டுக் கொடுத்திருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு யாரைத் திட்டுவது?

மூன்றாம் நாள் மத்தியானம். மீட்டிங்கில் இருக்கும்போது ஓட்டல் வரவேற்புப் பெண் எங்கள் ரூம் வாசலிலிருந்து போன் செய்தாள். கீழே சமையலறையில் தீ, எல்லாரும் வெளியேறிவிட்டார்கள், உங்கள் அம்மா மட்டும் கதவைத் திறக்க மறுக்கிறார், படிக்கட்டில் புகை ஏறுகிறது என்றாள். அவள் சாவி போட்டும் கதவு நாலு விரலுக்கு மேல் திறக்கவில்லை. சங்கிலி மாட்டியிருந்தது. போதாததற்கு அம்மா பெட்டியையும் முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். அபாய மணி அலற அலற அவளுக்குப் பயம் கூடியதே தவிர, வெளியே வரத் தோன்றவில்லை.

ஓடிப் போய் டிராமில் ஏறினேன். ஓட்டல் ஏழு நிறுத்தம் தள்ளி இருந்தது. தீயணைப்பு வண்டி இன்னும் வரவில்லை. வரவேற்புப் பெண்ணிடம் போனைக் கதவிடுக்கில் பிடிக்கச் சொல்லிக் கத்தினேன். "யம்மா, நாந்தேன். தீப்பிடிச்சிருக்கு, தொறந்து வெளிய வா."

உள்ளேயிருந்து பதில் வந்தது. "எம் மக நேர்லதேன் வருவா. போன்ல சொல்ல மாட்டா."

போனில் குரலை மாற்றிப் பேசி ஏமாற்றுகிறவர்களைப் பற்றி அவளை எச்சரித்து வைத்ததும் நான்தானே. என் பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்டதாலேயே சாகப் போகிறாளா? வரவேற்புப் பெண் இருமுவது கேட்டது. யார் பெற்ற பிள்ளையோ, அவளையும் அந்தப் புகையில் நிறுத்தி வைத்திருந்தேன்.

அப்போதுதான் அதைச் செய்தேன். ஏலக்காய்த் தோட்ட ஆட்களைக் குமுளியில் விட்டுவிட்டு ஜீப்போடு திரும்பி வந்து, வாசலில் நின்று கூப்பிடுவீர்களே, தொண்டையைத் தாழ்த்தி அதே மாதிரி சொன்னேன். சின்ன வயசில் உங்களை மாதிரிப் பேசிக் காட்டி உங்களையே சிரிக்க வைத்தவள்தானே நான்.

"ஏ புள்ள. வந்துட்டேன்ல, தொற."

டிராமில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். போனில் பெட்டி நகரும் சத்தம் கேட்டது, பிறகு சங்கிலி கழலும் சத்தம்.

நான் போய்ச் சேர்ந்தபோது எதிர்த்த நடைபாதையில் அம்மா போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள், செருப்பில்லாமல். ஒரு காயம் இல்லை. கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் தோளுக்கு மேலாக யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். "உங்கப்பாதேன் கூப்பிட்டாக. வெளிய வந்து பாத்தா அங்கன ஆளக் காணோம்" என்றாள். நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும், இல்லையா?

ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. நீங்கள் சீமைக்கே வந்து காப்பாற்றியதாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அது போகட்டும். வீட்டுக் கதவுக்குத் தாழ் போடுவதையே நிறுத்திவிட்டாள். போன வாரம் அவள் தூங்கும்போது யாரோ உள்ளே புகுந்து காஸ் சிலிண்டரைத் தூக்கிப் போய்விட்டார்கள். நல்லவேளை, அவளைத் தொடவில்லை. நான் சத்தம் போட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "ஏத்தா, நான் தாப்பாப் போட மாட்டேன். அன்னைக்கு நான் தொறக்குறதுக்குள்ள அவுக போயிட்டாக."

அப்பா, இன்றைக்கு அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன், பேசாமல் இருந்தால் பேசும்வரை கூடவே கிடக்கிறேன். இனி ஒருபோதும் உங்கள் குரலை எடுக்க மாட்டேன், சத்தியம்.

சொல்லி முடித்ததும் கதவுக்குத் தாழ் போடுவேன். உங்களை வெளியே வைத்துத்தான் போட வேண்டியிருக்கிறது.

உங்கள் மூத்த மகள்,
செல்வி